தோல் கார் சீட்: டர்பன் வெயிலும் ஈரமும் தாங்கப் பராமரிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், இசிபிங்கோ என்று கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் தோல் சீட்டைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்குப் பதில் மாறும் இடங்களையும் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

என் கார் சீட் முழுக்கத் தோல்தானா?

பெரும்பாலும் இல்லை. “லெதர் சீட்” என்று விற்கும் பல கார்களில் முதுகும் தொடையும் படும் நடுப்பகுதி மட்டுமே தோலாக இருக்கும். சீட்டின் பக்கங்களும் பின்புறமும் கதவு அட்டையும் வினைல். மெர்சிடிஸின் ஆர்டிகோ, பிஎம்டபிள்யூவின் சென்சாடெக், டொயோட்டாவின் சாஃப்டெக்ஸ் ஆகியவை முழுக்கவே செயற்கைத் தோல்.

கண்டுபிடிக்கச் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, உறை மடிந்து முடியும் ஓரத்தைப் பாருங்கள். பின்பக்கம் நார்நாராக, மெல்லிய கம்பளி போலத் தெரிந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் வினைல். கட்டைவிரலால் மெல்ல அழுத்தியும் பார்க்கலாம். தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் கதிர் போல ஓடும், வினைல் வெறுமனே குழியும்.

அடுத்து, மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். சொட்டு முத்தாக நின்றால் மேலே பூச்சு உண்டு. தோல் கறுத்து நீரை உறிஞ்சினால் அது பூச்சில்லாத அனிலின் தோல். கார்களில் இது அரிது. அப்படி அமைந்தால் ஈரக் கிளீனர் எதையும் தொடாமல் அனிலினுக்கென்றே விற்கும் பொருளை மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்தப் பூச்சைப் பற்றித் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலின் மேல் நிறமியும், அதன் மேல் பாலியூரித்தேன் மெருகும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தாலும் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டாது. நீங்கள் துடைப்பதும் உட்காருவதும் குழம்பைச் சிந்துவதும் அந்தப் பூச்சின் மேல்தான். அது முழுதாக இருக்கும்வரை கீழே உள்ள தோலுக்கு ஒன்றும் ஆகாது. அது போய்விட்டால் எந்தக் கிரீமும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

வாரம் ஒருமுறை வேக்குவம் போட்டு உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஓட்டுநர் சீட்டை ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறையும், எல்லாச் சீட்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கிளீனர் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். பழுப்பு, கிரீம் நிறச் சீட்டுக்கு இதைவிடக் கொஞ்சம் அடிக்கடி.

முறையாகச் சுத்தம் செய்வது எப்படி?

வேண்டியவை: மென்மையான தூரிகை முனை கொண்ட வேக்குவம், தோலுக்கான கிளீனர் (பி.எச் அளவு 5 முதல் 7 வரை), குதிரைமுடி அல்லது அதே அளவு மெதுவான பிரஷ், நான்கு மைக்ரோஃபைபர் துணி, அரை வாளி தண்ணீர். ஐந்து சீட்டுக்கும் அரை வாளி தாராளம், குழாயில் தண்ணீர் வராத நாளிலும் செய்துவிடலாம். கிளீனர் கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி குழந்தை ஷாம்பு. அது அவசரத்துக்குத்தான்.

முதலில் வேக்குவம். இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம், சீட் பாழாவதும் இங்கேதான் தொடங்குகிறது. தையல் மடிப்பில் கிடக்கும் மணலை எடுக்காமல் ஈரத்துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைக் கையால் விரித்து உறிஞ்சுங்கள்.

பிறகு கிளீனரைச் சீட்டின் மேல் அல்ல, பிரஷின் மேல் இரண்டு மூன்று அழுத்து அழுத்துங்கள். ஒரு சாண் அகலம், ஒரு சாண் நீளம் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். நுரை முதலில் வெள்ளையாக இருக்கும். பத்து விநாடியில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறும். தோலின் வரிப்பள்ளங்களில் படிந்திருந்த வியர்வையும் எண்ணெயும் மேலே வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். நுரை காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். காயவிட்டால் அழுக்கு திரும்பவும் அதே பள்ளத்தில் இறங்கிவிடும். துணியில் சீட்டின் நிறமே வந்தால் உடனே நிறுத்துங்கள், பூச்சு கரைகிறது.

எல்லாம் முடிந்ததும் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. கதவைத் திறந்து வைத்து நிழலில் ஒரு மணி நேரம் காயட்டும். சுத்தமான தோல் பளபளக்காது, மங்கலாகவே தெரியும். “புதுசு மாதிரி மின்னணும்” என்று எதையாவது தடவுவதுதான் அடுத்த மாதமே அழுக்கு ஒட்டக் காரணம்.

பாத்திரம் கழுவும் சோப், பச்சை பார் சோப், ஈர வைப்ஸ்?

பார் சோப் காரத்தன்மை உள்ளது. தோல் பதனிடப்பட்டு வரும்போதே லேசான அமிலத் தன்மையோடுதான் வரும். காரம் பட்டுக்கொண்டே இருந்தால் பூச்சு காய்ந்து, தையலோரத்தில் முதலில் வெடிக்கும். பாத்திர சோப் நெய்யையே கரைக்கும் அளவுக்கு வலுவானது. ஒருமுறை பட்டதால் சீட் கெடாது, வழக்கமாக்கினால் கெடும். குளியலறைக் கிரீம் கிளீனரில் நுண்ணிய தூள் உண்டு, அது பூச்சைத் தேய்த்தெடுக்கும். மெலமைன் ஸ்பாஞ்சும் அப்படியே. வைப்ஸ் ஒரு ஒட்டும் படலத்தை விட்டுச்செல்லும், அதில் தூசி சேரும்.

கை சானிடைசர் எல்லாவற்றிலும் மோசம். அதிலுள்ள ஆல்கஹால் பூச்சை இளக்கிவிடும். 2020இல் கோவிட் தொடங்கியபின் எத்தனையோ ஸ்டீயரிங் உறைகள் பிசுபிசுத்து நிறம் உரிந்தது இதனால்தான். கை காய்ந்த பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுங்கள்.

ஆயா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். தடவலாமா?

வேண்டாம். பூச்சிட்ட தோலுக்குள் எண்ணெய் இறங்க வழியில்லை. மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும், வெயிலில் சிக்கு வாடை அடிக்கும். பூச்சில் விரிசல் இருந்தால் அதன் வழியே இறங்கித் தோலைக் கறுக்க வைக்கும், பிறகு அங்கே சாயமும் பிடிக்காது. ஆலிவ் எண்ணெய், ஷூ மெழுகு, குதிரைச் சேணத்துக்குப் போடும் டப்பின் எல்லாவற்றுக்கும் இதே பதில். ஆயா சொன்னது பூச்சில்லாத பழைய செருப்புக்கும் பைக்கும் பொருந்தும், கார் சீட்டுக்குப் பொருந்தாது.

தலையில் தேய்த்த எண்ணெய் ஹெட்ரெஸ்ட்டில் இறங்குவதும் இதே சிக்கல். தினமும் எண்ணெய் வைப்பவர்கள் ஹெட்ரெஸ்ட்டுக்கு ஒரு பருத்தித் துணி உறை போட்டு வாரம் ஒருமுறை துவைத்துவிடுவது நல்லது.

கண்டிஷனர் என்று விற்கிறார்களே, அது தேவையா?

பூச்சிட்ட தோலுக்குள் அது பெரிதாக ஒன்றும் இறங்குவதில்லை. உராய்வைக் குறைப்பதும் சாயம் ஒட்டாமல் தடுப்பதும்தான் அதன் உண்மையான பயன். ஆகவே “பாதுகாப்புப் பூச்சு” என்று போட்டிருக்கும், தண்ணீர் அடிப்படையிலான பொருளாகப் பாருங்கள். ஒரு சீட்டுக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 10 மில்லி போதும். துணியில் எடுத்து மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, இரவு முழுக்கக் காயவிடுங்கள். வருடத்துக்கு மூன்று நான்கு முறை. சிலிகான் கலந்த டாஷ்போர்டு ஸ்பிரே சீட்டில் பட வேண்டாம். சீட் வழுக்கும், பின்னால் நிறம் பூச வந்தால் நிறம் ஒட்டாமல் விலகும்.

பன்னி-சௌ குழம்பு கொட்டிவிட்டது. என்ன செய்வது?

குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவதுதான் பன்னி-சௌ. ரொட்டியின் அடி ஊறி, பை நனைந்து, சீட்டில் இறங்கிய பிறகுதான் தெரியும். முதல் ஐந்து நிமிடம் மிக முக்கியம். தேய்க்காதீர்கள். பழைய வங்கி அட்டை மாதிரி ஒன்றால் ஓரத்திலிருந்து நடுவுக்குக் குழம்பை வழித்து எடுங்கள். டிஷ்யூவை வைத்து அழுத்தி எண்ணெயை உறிஞ்சுங்கள். பிறகு தோல் கிளீனர்.

எண்ணெய் போனபின் மஞ்சள் கறை நிற்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது. கார சோப் பட்டால் கறை சிவப்பாக மாறும். சுண்ணாம்பு சேர்த்து மஞ்சளைக் குங்குமம் ஆக்குகிறோமே, அதே வேதிவினைதான் சீட்டிலும் நடக்கிறது. மிரண்டு இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள் பூச்சையே எடுத்துவிடுகிறார்கள். குர்குமினுக்கு ஆகாதது வெயில். கிளீனரால் இரண்டுமுறை மெல்லச் சுத்தம் செய்துவிட்டு, கறை இருக்கும் பக்கம் சூரியன் படும்படி காரை நிறுத்துங்கள். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம், கதவைத் திறந்து வைத்து, சில நாள். மங்கிக்கொண்டே போகும். தோல் சீட்டை வெயிலில் வைக்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

காவடி, ஆடிக்கூழ் நாள்களில் சீட் வீணாகாமல் எப்படிக் காப்பது?

தைப்பூசத்துக்கும் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் பெரிய வெள்ளித் திருவிழாவுக்கும் போய்வரும் கார்களில் நான்கு பொருள்கள் சீட்டில் விழும். நான்குக்கும் வெவ்வேறு முறை வேண்டும்.

திருநீற்றை ஈரத்தால் தொடாதீர்கள். சாம்பல் காரத்தன்மை உள்ளது, நனைந்தால் சேறாகித் தையலுக்குள் போகும். மென்மையான பிரஷால் தட்டி, வேக்குவத்தில் எடுங்கள். குங்குமமும் அப்படியே உலர்வாக. வியர்வையோடு கலந்து ஒட்டியிருந்தால் மட்டும் கிளீனர் தொட்ட துணியால் ஒற்றி எடுங்கள், இழுத்துத் தேய்த்தால் சிவப்புப் பரவும். சந்தனம் காயட்டும். காய்ந்தபின் நகத்தால் அல்லாமல் அட்டையால் உதிர்த்தால் போதும். நசுங்கிய சாமந்தி இதழ் வெளிர் சீட்டில் மஞ்சளாகப் பிடிக்கும், அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

உண்மையான ஆபத்து பால்குடமும் கூழும்தான். மேலே துடைத்தது போதும் என்று விட்டால், தையல் துளை வழியாக நுரைமெத்தைக்குள் போனது இரண்டாம் நாள் புளித்து நாறும். பாத்திரத்தைச் சீட்டில் வைக்காதீர்கள். முன்சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில், ஆழமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து எடுத்துப்போங்கள். கொட்டிவிட்டால், தையலோரத்தில் டிஷ்யூவை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, டிஷ்யூ ஈரமில்லாமல் வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். மெத்தைக்குள் போய்விட்டால் உறையைக் கழற்றி நுரையைக் கழுவுவதைத் தவிர வழியில்லை. வாசனை ஸ்பிரே நாற்றத்தோடு இன்னொரு நாற்றத்தைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

விழா நாள்களில் சீட்டின் மேல் ஒரு பழைய பருத்திப் போர்வையை விரித்துவிட்டால் பாதிக் கவலை இல்லை.

ஜீன்ஸின் நீலம் வெளிர் சீட்டில் ஏறியிருக்கிறது. போகுமா?

புதிதாக ஏறியது போகும். பல மாதமானது பாதிதான் போகும், ஏனென்றால் சாயம் பூச்சுக்குள்ளேயே குடியேறியிருக்கும். தோல் கிளீனரும் பிரஷும் கொண்டு மூன்று முறை முயலுங்கள், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் காயவிட்டு. அதற்கும் அசையாவிட்டால் சாய நீக்கி என்று தோலுக்கே விற்பதை மறைவிடத்தில் சோதித்துவிட்டுப் போடுங்கள். புது ஜீன்ஸை இரண்டுமுறை துவைக்கும்வரை வெளிர் சீட்டில் உட்காராமல் இருப்பது எல்லாவற்றையும்விட மலிவான வழி.

பால்பாயின்ட் பேனாக் கீறல்?

காது குடையும் பஞ்சுக்குச்சியில் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, கோட்டின் மேல் மட்டும் உருட்டுங்கள். ஒவ்வொரு உருட்டலுக்கும் புதுக் குச்சி. குச்சியில் சீட்டின் நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பெர்மனென்ட் மார்க்கரை வீட்டில் எடுக்க முயல வேண்டாம், நிறம் பூசுபவரிடம் விடுங்கள்.

இரண்டு வாரம் நிறுத்திவைத்த காரில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஏன்?

டிசம்பர் முதல் மார்ச் வரை இந்தக் கடலோரத்தில் இது சகஜம். மூடிய காருக்குள் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூஞ்சை வளரும். அது தோலைத் தின்பதைவிட, தோலின் மேல் நீங்கள் விட்டுவைத்த வியர்வையையும் எண்ணெயையும்தான் தின்கிறது. சுத்தமான சீட்டில் பூஞ்சை குறைவாகப் பிடிப்பது இதனால்தான்.

காரை வெளியே கொண்டுவந்து எல்லாக் கதவையும் திறங்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண வேக்குவத்தை ஓட்டாதீர்கள், அது பூஞ்சைத் தூளைப் பின்பக்கம் வழியாகக் கார் முழுக்க ஊதிவிடும். 70 விழுக்காடு ஆல்கஹாலோடு அதே அளவு தண்ணீர் கலந்து துணியை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடையுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தை மடித்துக்கொள்ளுங்கள். சானிடைசருக்குத் தடை சொல்லிவிட்டு இங்கே ஆல்கஹாலா என்று கேட்கலாம். நீர் சேர்த்துப் பாதியாக்கி, ஒரே ஒருமுறை, தேய்க்காமல் துடைப்பது வேறு. ப்ளீச் மட்டும் ஆகவே ஆகாது, தையல் நூலையும் நிறத்தையும் அரிக்கும்.

பிறகு வழக்கமான கிளீனர், ஃபேன் வைத்து உலர்த்தல். சீட்பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள், சுருண்ட பகுதியில் பூஞ்சை ஒளிந்திருக்கும். ஏசி வடிகட்டியையும் மாற்றுங்கள்.

எல்லாம் செய்தும் மூன்று வாரத்தில் திரும்ப வந்தால் காருக்குள் எங்கோ தண்ணீர் நிற்கிறது. முன்பயணியின் கால்மிதியைத் தூக்கிக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். ஈரமென்றால் ஏசி நீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கலாம். சன்ரூஃப் உள்ள காரில் அதன் வடிகால் மூலைகளில் இலை அடைத்திருக்கும். மூலத்தைச் சரிசெய்யாமல் சீட்டை மட்டும் துடைப்பது வீண்வேலை.

துளையிட்ட சீட், குளிர்க்காற்று வரும் சீட்?

கிளீனரை நேராக ஸ்பிரே செய்யவே கூடாது. துளைக்குக் கீழே நுரை, ஹீட்டர் கம்பி, விசிறி எல்லாம் இருக்கின்றன. துணியில் எடுத்துத் துடையுங்கள். துளையில் கிரீம் அடைத்திருந்தால் காய்ந்தபின் மரப் பல்குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். ஹீட்டர் உள்ள சீட்டில் முழங்காலை ஊன்றி ஏறாதீர்கள், கம்பி அறுந்தால் உறையைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

வெயிலில் நிறுத்தினால் தோல் வெடிக்குமா?

ஒரு நாளில் இல்லை. வெடிப்பது ஆண்டுக்கணக்கில் சேரும் புற ஊதாக் கதிராலும் சூட்டாலும். முன்கண்ணாடிக்கு மடக்குத் திரை போடுங்கள். பின்சீட்டின் மேல்விளிம்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் முதலில் வெடிப்பது அதுதான். ஃபிலிம் ஒட்டுவதானால் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடும் மற்றக் கண்ணாடிகள் 35 விழுக்காடும் வெளிச்சம் விட வேண்டும். புற ஊதாவைத் தடுக்கும் தெளிவான ஃபிலிமும் கிடைக்கிறது, கறுப்பாக இருக்க வேண்டியதில்லை.

ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே கதிர் இன்னும் கடுமை, குளிர்காலக் காற்றும் வறண்டது. அங்கே பூஞ்சை பெரிய கவலையல்ல. பாதுகாப்புப் பூச்சை மே மாதமே போட்டுவிடுங்கள்.

கடற்கரை போய்வந்த பிறகு?

மணலை வேக்குவத்தில் எடுக்கும்வரை யாரும் உட்கார வேண்டாம். ஈரமான நீச்சலுடையோடு உட்கார்ந்தால் காய்ந்தபின் உப்புக் கோடு வரும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டுமுறை துடைத்தால் போய்விடும். சன்ஸ்கிரீனை அன்றைக்கே கிளீனரால் எடுங்கள். டீட் கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கையும் பூச்சையும் இளக்கக்கூடியது. குரூகர் வனவிலங்குப் பூங்கா பக்கம் போகும்போது காருக்கு வெளியே நின்று தடவி, காய்ந்தபின் ஏறுங்கள்.

ஓட்டுநர் சீட்டின் வலப்பக்கத் திண்டு வெளுத்துவிட்டது. மாற்ற வேண்டுமா?

நம் கார்களில் ஸ்டீயரிங் வலப்பக்கம், ஏறி இறங்கும்போதெல்லாம் தொடை அந்தத் திண்டை உரசுகிறது. முதலில் இரண்டு விரலால் தோலை மெல்ல விரித்துப் பாருங்கள். நார் தெரியாமல் நிறம் மட்டும் போயிருந்தால் பூச்சுதான் தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யலாம். நார் பிளந்திருந்தால் அந்தத் துண்டைத் தைப்பவரிடம் சொல்லி மாற்றுவதே நிலைக்கும்.

நிறம் பூசும் வழி இது. கிளீனரால் சுத்தம் செய்து, ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, 600 எண் உப்புத்தாளால் லேசாக, பிறகு 1000 எண்ணால் மழமழவென்று தேய்க்க வேண்டும். சிறு கீறல்களைத் தோல் ஃபில்லரால் நிரப்பிக் காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். நிறத்தை ஸ்பாஞ்சால் மிக மெல்லியதாக நான்கைந்து அடுக்கு, ஒவ்வொன்றும் காய்ந்தபின். கடைசியில் மங்கல் மெருகு. 24 மணி நேரம் உட்காரக் கூடாது, ஒரு வாரம் ஈரத்துணி படக் கூடாது. ஒரே தடித்த அடுக்காகப் பூசினால் ஒரு மாதத்தில் செதில் செதிலாக உரியும். வீட்டில் செய்து கெட்டுப்போவது அதிகமும் இந்த அவசரத்தால்தான்.

சீட் கவர் போட்டுவிட்டால் தொல்லையில்லையே?

சீட்டின் பக்கத்தில் ஏர்பேக் சின்னம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் திறப்புள்ள, ஏர்பேக்குக்கு ஏற்றதென்று எழுதியிருக்கும் கவர் மட்டுமே போட வேண்டும். அந்தப் பக்கத் தையல் பிரிந்தால் சாதாரண நூலால் தைக்கச் சொல்லாதீர்கள். விபத்தில் கிழிந்து வழிவிடும்படி அமைத்த தையல் அது. மற்றபடி, கவர் போட்டாலும் மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஈரக் காலத்தில் அடியில் பூஞ்சை வளர்வதும், கவரின் சாயம் தோலில் இறங்குவதும் நடக்கும்.

பழைய கார் வாங்குகிறேன். சீட் வெள்ளத்தில் ஊறியதா என்று எப்படித் தெரியும்?

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின, அதனால் இதைக் கேட்பது சரியே. சீட் ஓடும் தண்டவாளத்தையும் அதன் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள், மேற்பரப்புத் துருவா ஆழத் துருவா என்று. சீட்பெல்ட்டை முழுக்க இழுத்தால் ஓரிடத்தில் சேற்றுக்கோடு தெரியலாம். மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே கையை விட்டு விரலை முகருங்கள். ஊறிக் காய்ந்த தோல் அட்டை போல விறைத்து, மடிக்கும்போது சத்தமிடும், ஏனென்றால் பதனிடும்போது ஊட்டிய எண்ணெய்ப்பசையின் ஒரு பகுதி நீரோடு போய்விட்டிருக்கும்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேக்கினுடையது. அதன் முனைகளில் பச்சைத் துரு பூத்திருந்தால், சீட் எவ்வளவு அழகாக மெருகேற்றப்பட்டிருந்தாலும் அந்தக் காரை வாங்க வேண்டாம்.